200 எம்பிபிஎஸ் இணைய இணைப்பு, மாடியறையில் 15 மட்டுமே: எந்த ரவுட்டர் வாங்குவது?

மலைக்கோட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் எங்கள் வீடு கீழ்த்தளமும் முதல் மாடியும் கொண்டது. மாடி சில ஆண்டுகள் கழித்துக் கட்டப்பட்டதால் படிக்கட்டு வீட்டுக்கு வெளியே அமைந்துவிட்டது. ஃபைபர் இணைப்பு கீழே ஹாலுக்கு வருகிறது. சேவை நிறுவனம் கொடுத்த ஒரே பெட்டிதான் மோடமாகவும் ரவுட்டராகவும் வேலை செய்கிறது. தொலைக்காட்சி வைத்திருக்கும் ஷோகேஸின் மேல்தட்டில், பீரோவை ஒட்டினாற்போல் அது இருக்கிறது.

எங்கள் திட்டம் 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) வேகம். ஆனால் ஹாலிலேயே கைபேசியில் 40 அல்லது 50தான் காட்டுகிறது. நான் வேலை செய்யும் மாடியின் பின்னறையில் 15 வருகிறது; மாலை ஏழு மணிக்கு மேல் அதுவும் ஐந்துக்குக் கீழே இறங்கி, அலுவலகக் கூட்டத்தில் என் முகம் உறைந்து நிற்கிறது. பெட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே கொடுக்கக்கூடியது, 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. புகார் செய்தபோது வந்த பணியாளர், "இந்தப் பெட்டியில் இவ்வளவுதான் சார், நல்ல ரவுட்டராக ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடையில் ஆறு ஆன்டெனா வைத்த ஏஎக்ஸ்3000 ரவுட்டரைக் காட்டினார்கள். மைத்துனர் புதிய தலைமுறையான வைஃபை 7 பரவலாகும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர், பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ்தான் தீர்வு என்கிறார். வீட்டில் இரண்டு மடிக்கணினிகள் (இரண்டும் வைஃபை 5 என்ற பழைய தலைமுறை), நான்கு கைபேசிகள், ஒரு ஸ்மார்ட் டிவி, வாசல் கேமரா ஒன்று, 2.4-இல் மட்டும் இயங்கும் ஸ்மார்ட் பிளக்குகள் இரண்டு இருக்கின்றன. தரைவழித் தொலைபேசியும் அதே பெட்டியின் பின்புறத்திலிருந்துதான் வருகிறது. ஆறாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். எதை வாங்குவது என்று வழிகாட்டுங்கள்.

கம்பிவழி:

வணக்கம் ஐயா. எதை வாங்குவது என்பதற்கு முன்னால் வேகம் எந்த இடத்தில் தொலைகிறது என்பதைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஃபைபர் வீட்டுக்குள் நுழைவதிலிருந்து உங்கள் மடிக்கணினி வரை நான்கு இடங்களில் அது தொலையலாம்: நிறுவனத்தின் இணைப்பிலேயே, பெட்டியின் லேன் போர்ட்டில் (கேபிள் செருகும் இடம்), காற்றில், அல்லது உங்கள் கருவியில். புது ரவுட்டர் இவற்றுள் மூன்றாவதைத்தான் சரிசெய்யும்; அதிலும் ஒரு பகுதியை மட்டும்.

முதலில் மடிக்கணினியை ஒரு நெட்வொர்க் கேபிளால் நேரடியாகப் பெட்டியில் இணைத்து, காலையில் ஒருமுறையும் இரவு எட்டு மணிக்கு ஒருமுறையும் வேகத்தைப் பாருங்கள். இரண்டு வேளையும் 200-ஐ ஒட்டி வந்தால் நிறுவனத்தின் மீது குற்றமில்லை. இரவில் கேபிளிலும் வேகம் விழுந்தால், எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டர் வாங்கினாலும் பயனில்லை. ஏனென்றால் வீடுகளுக்கு வரும் ஜிபான் எனப்படும் பகிர்வு வகை ஃபைபரில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (2,500 எம்பிபிஎஸ்) கொள்ளளவை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன, அந்த நெரிசலை நிறுவனம்தான் தீர்க்க வேண்டும்.

இந்தச் சோதனையில் 94 அல்லது 95 என்ற எண் வந்து அசையாமல் நின்றால், அது தற்செயல் அல்ல. 100 எம்பிபிஎஸ் ஃபாஸ்ட் ஈதர்நெட் போர்ட்டின் நடைமுறை உச்சவரம்பு அதுதான். நம் ஊரில் நிறுவனங்கள் தரும் பல பெட்டிகளில் ஒரு லேன் போர்ட் மட்டும் ஜிகாபிட்டாகவும் (1000 எம்பிபிஎஸ்), மற்றவை 100 ஆகவும் இருக்கும். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தாளில் "1ஜிஇ + 1எஃப்இ" (ஒரு ஜிகாபிட், ஒரு ஃபாஸ்ட் ஈதர்நெட்) என்பது போல் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். போர்ட் சரியாக இருந்தும் 94-ஐத் தாண்டவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். எட்டு இழைகளில் நான்கை மட்டும் முனை இணைப்பியில் அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து) கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

அடுத்து, வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைக் கைபேசியில் போட்டு, ஹாலிலும் பின்னறையிலும் அலையின் வலிமையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 50 என்றால் மிக நன்று, மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும், மைனஸ் 75-ஐத் தாண்டினால் இணைப்பு இருப்பதாகக் காட்டுமே தவிர வேலை நடக்காது. அதே செயலியில் அண்டை வீட்டு வைஃபைகள் எந்தச் சேனலில் இருக்கின்றன என்பதும் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். நெருக்கமான தெருவில் இருபது வீடுகள் அந்த மூன்றைப் பங்கிட்டுக்கொள்ளும்போது ஹாலில் 40 கிடைப்பதே நியாயமான எண். மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் ஐந்தாகக் குறைவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

பீரோவை ஒட்டிப் பெட்டியை வைத்திருப்பதை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். இரும்புத் தகட்டுக்குப் பின்னால் அலை போகாது.

அலைவரிசை:

கம்பிவழி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கடைக்காரர் காட்டிய எண்ணைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் ஏமாறும் இடம் அதுதான்.

ஏஎக்ஸ்3000 என்பது இரண்டு அலைவரிசைகளின் ஏட்டளவு வேகங்களைக் கூட்டி, முழு எண்ணாக்கியது: 2.4-இல் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402. ஒரு கருவி ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும் என்பதால் கூட்டலுக்கே பொருளில்லை. அந்த 2402-ம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலை ரவுட்டரும் கருவியும் இரண்டும் ஆதரித்தால்தான். உங்கள் வைஃபை 5 மடிக்கணினிகள் வழக்கமான இரண்டு ஆன்டெனா வகையாக இருந்தால், 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 867-க்கு மேல் இணையாது. அதில் உண்மையில் கைக்கு வருவது 500, 600. திட்டமோ 200. ஆக அந்தக் கூடுதல் பணத்துக்கு நீங்கள் எதையும் பெறப்போவதில்லை. 160 அகலச் சேனல் ரேடார்கள் பயன்படுத்தும் பகுதியையும் தொடுவதால், ரவுட்டர் அந்தச் சேனலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்து, ரேடார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும் என்பதையும் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். ஒலிபரப்பும் ஆற்றலுக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. ஆறு கொம்பு முளைத்திருந்தாலும் அந்த வரம்பு உயராது. அதோடு, ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் மாடியிலிருந்து கைபேசி மெல்லிய குரலில் சொல்லும் பதில் கீழே கேட்க வேண்டுமே!

வைஃபை 7-க்காகக் காத்திருப்பதும் உங்கள் நிலைக்குப் பொருந்தாது. அதன் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சாத்தியம். இந்தியாவில் அந்த அலைவரிசையின் கீழ்ப்பகுதியை, அதாவது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை, உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் வரைவு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. அந்த 500 மெகாஹெர்ட்ஸுக்குள் 320 அகலத்தில் ஒரே ஒரு சேனல்தான் அடங்கும். மேலும் 6 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கண்டால் 5-ஐவிடவும் சீக்கிரம் தளர்ந்துவிடும். உங்கள் சிக்கலே சுவரும் தளமும்தான்.

என் பரிந்துரை, ஜிகாபிட் போர்ட்டுகள் கொண்ட, ஏஎக்ஸ்1500 அல்லது ஏஎக்ஸ்1800 வகை வைஃபை 6 ரவுட்டர். உங்கள் கையிருப்பில் தாராளமாக வரும். வைஃபை 6-இன் உண்மையான பயன் உச்ச வேகத்தில் இல்லை; பல கருவிகள் ஒரே சமயத்தில் சிறு சிறு துணுக்குகளாகப் பேசும்போது வரிசையை ஒழுங்குபடுத்துவதில்தான் இருக்கிறது. அடுத்த முறை கைபேசி மாற்றும்போது அது உதவும். ஆனால் "ஜிகாபிட்" என்ற சொல்லைப் பெட்டியின் முன்பக்கத்தில் தேடாமல், பின்புற விவரப் பட்டியலில் போர்ட்டுகளுக்கு நேராகத் தேடுங்கள். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டுமே ஏசி1200 என்றே விற்கப்படுபவை. முன்னதில் எல்லாப் போர்ட்டும் 100 எம்பிபிஎஸ், பின்னதில் எல்லாம் ஜிகாபிட். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் முன்னதை மாட்டினால் பாதிக்கு மேல் வாசலிலேயே நின்றுவிடும்.

வேளச்சேரி வாடகைக்காரர்:

நண்பர்கள் இருவரும் மாடிக்குக் கம்பி (கேபிள்) இழுப்பதை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள் போலிருக்கிறது. என்னைப் போல் வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். எங்களுக்கு மெஷ் ஒரு வரப்பிரசாதம். இரண்டு பெட்டி கொண்ட மெஷ் ஒன்றை வாங்கி, ஒன்றை மோடத்துக்கு அருகிலும் மற்றொன்றை நடுக்கூடத்திலும் வைத்திருக்கிறேன். கடைசி அறையில் 80, 90 வருகிறது. என் திட்டம் 150. எனக்கு அது போதும். வீடியோ கூட்டத்துக்கு நான்கைந்து எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தாலே தாராளம் என்பதை மறந்துவிட்டு எல்லோரும் சோதனைச் செயலியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர் சொந்த வீடு என்பதால் கம்பி இழுக்க முடிந்தால் இழுக்கட்டும். முடியாவிட்டால் மெஷ்ஷையும் தள்ளிவிட வேண்டாம். ரிப்பீட்டர் மட்டும் வேண்டாம்; ஒற்றை அலைவரிசை ரிப்பீட்டர் ஒரு துணுக்கை வாங்கி அதே சேனலில் திரும்பச் சொல்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

கம்பிவழி:

வாடகைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே தளத்தில், செங்கல் சுவர்களுக்கு நடுவே, இரண்டாவது பெட்டிக்கு முதல் பெட்டியின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை நன்றாகக் கிடைக்கும் வீட்டில் மெஷ் நல்ல தீர்வே. ஆனால் கேள்வி கேட்டவரின் இரண்டு தளங்களுக்கு நடுவே இருப்பது கம்பி கட்டிய கான்கிரீட் தளம். படிக்கட்டும் வெளியே இருப்பதால், உள்படிக்கட்டு உள்ள வீடுகளில் அலை ஏறிப்போகும் திறப்பும் இங்கே இல்லை. மெஷ்ஷின் மாடிப்பெட்டிக்கே கீழிருந்து தளர்ந்த அலைதான் வரும். தளர்ந்ததை வாங்கி அது எதைப் பெருக்கும்? அந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு கம்பியை இழுத்துவிட்டால் மெஷ்ஷும் அருமையாக வேலை செய்யும். கம்பி இழுத்த பிறகு மெஷ்தான் வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடும்.

மலைக்கோட்டைவாசி:

பொறுமையாக விளக்கிய மூவருக்கும் நன்றி. சொன்னபடி சோதித்துப் பார்த்தேன். மடிக்கணினியை இரண்டாவது போர்ட்டில் இணைத்தபோது, நீங்கள் எழுதியது போலவே 94-இல் நின்றது. முதல் போர்ட்டுக்கு மாற்றியதும் 205 வந்தது. இரவு எட்டு மணிக்கும் 198. அடியில் உள்ள தாளிலும் "1ஜிஇ + 1எஃப்இ" என்றுதான் இருக்கிறது. அலையின் வலிமை ஹாலில் மைனஸ் 46, மாடியின் முன்னறையில் மைனஸ் 70, பின்னறையில் மைனஸ் 81. பீரோவிடமிருந்து பெட்டியை நகர்த்தியதில் முன்னறைக்குச் சற்று முன்னேற்றம் தெரிகிறது, பின்னறைக்கு ஒன்றுமில்லை. தெருவில் பெரும்பாலோர் சேனல் 6-இல் இருக்கிறார்கள். எங்கள் பெட்டியும் அதிலேயே இருந்தது.

மொட்டை மாடியிலிருந்து மாடியின் பின்னறை வழியாகக் கீழ் ஹாலுக்கு வரும் பழைய கேபிள் டிவி குழாய் ஒன்று சுவருக்குள் இருக்கிறது. டிடிஎச்-க்கு மாறிய பிறகு அதற்குள் இருக்கும் கறுப்பு வயருக்கு வேலையில்லை. அது பயன்படுமா? பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (மோடமாக மட்டும் இயங்கும் நிலைக்கு) மாற்றச் சொல்லிச் சில காணொளிகளில் பார்த்தேன். தொலைபேசி நின்றுவிடுமோ என்று தயங்குகிறேன்.

கம்பிவழி:

அந்தக் குழாய் இருப்பது உங்கள் நல்ல காலம். பழைய கறுப்பு வயரின் ஒரு முனையில் புதிய கேட் 6 கேபிளை மெல்லிய கம்பியால் கட்டி, மேலே இன்சுலேஷன் டேப்பை நெருக்கமாகச் சுற்றி, மறுமுனையிலிருந்து ஒருவர் இழுக்க, இன்னொருவர் இந்தப் பக்கம் கேபிள் மடங்காமல் ஊட்டிக்கொண்டே வர வேண்டும். கட்டிய இடத்தில் முடிச்சு தடிமனாக இருந்தால் குழாய் வளைவில் சிக்கிக்கொள்ளும். பிறகு பழையதும் வராது, புதியதும் போகாது. ஆகவே வயரின் மேலுறையைச் சற்று சீவி, இழைகளைப் படிப்படியாகக் குறைத்துக் கூம்பு போல் கட்டச் சொல்லுங்கள். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். மின்சார வயர் ஓடும் குழாயை மட்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளும் கேட் 6 என்ற பெயரிலேயே மலிவாகக் கிடைக்கிறது. ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கேட் 5இ-யே 100 மீட்டர் வரை ஜிகாபிட்டைத் தாங்கும், உங்கள் வீட்டுக்கு அதுவும் போதும். விலை வித்தியாசம் சொற்பம் என்பதால் கேட் 6 வாங்கலாம். இரு முனைகளிலும் ஒரே வண்ண வரிசையில், எட்டு இழைகளும் கிரிம்ப் ஆக வேண்டும். எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன் மடிக்கணினியை மாடி முனையில் இணைத்து, 1 ஜிபிபிஎஸ் என்று காட்டுகிறதா எனப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பிரிட்ஜ் மோடு உங்களுக்குத் தேவையில்லை. அப்படி மாற்றினால் இணைய இணைப்புக்கான பயனர்பெயர், கடவுச்சொல், சில நிறுவனங்களில் விஎல்ஏஎன் எண் வரை எல்லாம் புது ரவுட்டரில் ஏற வேண்டும். தொலைபேசி அமைப்பை அவர்கள் தவறாகத் தொட்டுவிட்டால் மறுபடியும் புகார் எண்தான். நிறுவனப் பெட்டி இப்போது இருப்பது போலவே இருக்கட்டும். அதன் முதல் போர்ட்டிலிருந்து கேபிள் மாடிக்குப் போகட்டும். மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் வைத்துவிடுங்கள். அப்போது கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி வழங்கும் வேலையைக் கீழ்ப்பெட்டி மட்டுமே செய்யும், மாடியில் இருப்பது வைஃபை மட்டும் கொடுக்கும், இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முகவரியை மாற்றும் குழப்பம் வராது, தொலைபேசியும் தன் வழியில் ஒலிக்கும். வாங்கப்போகும் மாடலில் இந்த மோடு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைய மாடல்கள் பெரும்பாலானவற்றில் உண்டு.

காலியாக இருக்கும் 100 எம்பிபிஎஸ் போர்ட்டை ஸ்மார்ட் டிவிக்குக் கேபிள் மூலம் கொடுத்துவிடுங்கள். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். பல டிவிகளின் சொந்தப் போர்ட்டே 100-தான். ஷோகேஸில் ஓர் அடி தூரத்தில் இருக்கும் டிவி காற்றில் இடம் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல் வீண் வேறில்லை.

கீழ்ப்பெட்டியின் 2.4 சேனலை 1 என்றும், மாடி ரவுட்டரின் 2.4 சேனலை 11 என்றும் கைமுறையாக வையுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்தால் மாடி ஏறும்போது கைபேசி தானாக மாறிக்கொள்ளும். சில கைபேசிகள் கீழ்ப்பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்; அப்போது கீழ்ப்பெட்டியின் ஒலிபரப்பு ஆற்றலை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும்.

அலைவரிசை:

இரண்டு சிறு குறிப்புகள். ஒரே பெயர் வைப்பதில் எனக்கு ஓர் ஐயம்: மாடி ரவுட்டரில் 2.4, 5 இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் ஸ்மார்ட் பிளக்குகளைச் சேர்க்கும்போது சில செயலிகள் தடுமாறும். உங்கள் பிளக்குகள் கீழ்ப்பெட்டியிலேயே இருக்கட்டும், அது 2.4 மட்டும்தானே கொடுக்கிறது. பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த நிலையில் வைத்தால் பழைய கருவிகளும் இணையும். அப்படியும் முரண்டு பிடிக்கும் கருவி இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு இறங்கலாம். கடவுச்சொல் இல்லாமல் இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் பொத்தானை அமைப்பில் அணைத்துவிடுங்கள், நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், ஃபர்ம்வேரை (ரவுட்டரின் உள்மென்பொருளை) முதல் நாளே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று மின்வெட்டு. வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வாங்குவீர்கள். வாங்கும்முன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: 12 வோல்ட் 1 ஆம்பியர், 1.5 ஆம்பியர், 2 ஆம்பியர் என்று பெட்டிக்குப் பெட்டி மாறும், சிலவற்றில் 9 வோல்ட்டும் உண்டு. மாடி ரவுட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டுக் கீழ்ப்பெட்டியை விட்டுவிட்டால் வைஃபை சின்னம் முழுதாகத் தெரியும், இணையம் இருக்காது. இரண்டுக்கும் வேண்டும்.

மலைக்கோட்டைவாசி:

கேபிள் இழுத்தாயிற்று. பழைய வயர் ஒரு வளைவில் கொஞ்சம் அடம் பிடித்தது. எலக்ட்ரீஷியன் குழாய்க்குள் சிறிது டால்கம் பவுடரைத் தூவியதும் வழிவிட்டது. ஏஎக்ஸ்1500 வகையில், எல்லாப் போர்ட்டும் ஜிகாபிட்டான ஒன்றை வாங்கி, ஆக்சஸ் பாயிண்ட் மோடில் பின்னறையில் வைத்திருக்கிறேன். ரவுட்டரும் கேபிளும் கூலியும் சேர்ந்து ஐந்தாயிரத்துக்குள் முடிந்தது. மடிக்கணினியில் 5 கிகாஹெர்ட்ஸில் 190-க்குக் குறையாமல் வருகிறது, இரவிலும் அப்படியே. தொலைபேசி வேலை செய்கிறது. டிவியையும் கேபிளில் போட்டுவிட்டேன். வாசல் கேமரா மட்டும் இப்போதும் அவ்வப்போது விட்டுவிட்டு வருகிறது. அதற்கு ஹாலிலிருந்து இரண்டு சுவர் தாண்ட வேண்டியிருக்கிறது.

கம்பிவழி:

கேமரா மாடி ரவுட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கீழ்ப்பெட்டியின் கருவிப் பட்டியலில் பாருங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் அப்படி நடக்கும். கீழ்ப்பெட்டியில்தான் இருக்கிறது, அலையின் வலிமையும் மைனஸ் 75-க்குக் கீழே போகிறது என்றால், பெட்டியை ஷோகேஸிலிருந்து எடுத்து வாசல் பக்க ஜன்னலுக்கு அருகே ஆளுயரத்தில் மாட்டிப் பாருங்கள். அதற்கு ஃபைபர் வயரை நீட்ட வேண்டியிருக்கும். அதை நீங்களே இழுக்கவோ மடக்கவோ வேண்டாம். நிறுவனப் பணியாளரை வரச் சொல்லி, முனையில் பச்சை இணைப்பி உள்ள நீளமான வயரை மாற்றித் தரக் கேளுங்கள்.